புண்ணியத்துக்குப் படம் எதற்கு?

நவம்பர் பிறந்துவிட்டால் பாரிஸின் ரூ காயில் நான் வேலை செய்யும் பார்சல் கடைக்குள் ஆள் நிற்க இடமிருக்காது. கப்பலில் போகும் பெட்டி தைப்பொங்கலுக்கு முன் யாழ்ப்பாணம் சேரவேண்டும் என்று எல்லோருக்கும் ஒரே அவசரம். முன்பெல்லாம் அம்மாவுக்கு, தங்கச்சிக்கு, மச்சானுக்கு என்று பெட்டி கட்டுவார்கள். இப்போது யாரென்றே தெரியாத பிள்ளைகளுக்கும் கட்டுகிறார்கள். கிளிநொச்சியில் ஒரு சிறுவர் இல்லம், முல்லைத்தீவில் ஒரு ஆரம்பப் பாடசாலை, மட்டக்களப்பில் படுவான்கரைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். புத்தகப் பை, சப்பாத்து, கலர் பென்சில், சொக்கிலேட். பெட்டி கட்டாதவர்கள் காசை அனுப்பி அங்கேயே வாங்கிக் கொடுக்கச் சொல்கிறார்கள்.

"என்ன அண்ணை விசேஷம்?" என்று கேட்டால் காரணம் தயாராக இருக்கும். மகளுக்கு முதலாவது பிறந்தநாள். அப்பாவின் ஆண்டுத் திவசம். மகன் பாக்கலோரேயா பரீட்சையில் பாஸ். மனைவியின் சத்திரசிகிச்சை சுகமாக முடிந்தால் முப்பது பிள்ளைகளுக்கு உடுப்பு என்று ரூ பஜோல் மாணிக்க விநாயகருக்கு வைத்த நேர்த்தி. லூர்து மாதாவுக்கு வைத்த நேர்த்தியும் உண்டு. சில அம்மாமார் இரண்டு பேருக்கும் சேர்த்து வைப்பார்கள், எதற்கும் இருக்கட்டும் என்று. நான் சைவக்காரி, என் கணவர் வீட்டார் பாஷையூர் பக்கத்துக் கத்தோலிக்கர். ஆகவே இந்த விஷயத்தில் யாரையும் பார்த்துச் சிரிக்கும் நிலையில் நான் இல்லை.

பெட்டியை நிறுத்து, விலாசம் எழுதி, காசு வாங்கி முடிந்த பிறகு கடைசியாக ஒரு வசனம் வரும். "அக்கா, குடுக்கேக்க படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கோ. பனரில மகளின்ர படமும் பேரும் வடிவாத் தெரியவேணும்."

அந்தப் படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பின்னால் ஒரு பனர். அதில் பாரிஸில் கேக் வெட்டும் குழந்தையின் பெரிய படம். "பிறந்தநாளை முன்னிட்டுக் கற்றல் உபகரணங்கள் வழங்கல்" என்று எழுத்து. முன்னால் மூன்று வரிசையாக ஊர்ப் பிள்ளைகள். ஆளுக்கொரு பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, சிரிக்கச் சொன்னபடியால் சிரித்துக்கொண்டு. யாருக்குத் தகப்பன் இல்லை, யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று அந்தப் படத்தைப் பார்க்கிற முழு ஊருக்கும் தெரியும்.

கடவுளுக்காகக் கொடுப்பதில் எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை. கடவுளைக் கழித்துவிட்டால் எங்கள் கடையால் போகிற பெட்டிகளில் பெரும்பகுதி போகாது. திவசம், நேர்த்தி, நத்தார், ரமழான் என்று ஏதோ ஒன்று உந்தவில்லையானால் களைத்துப்போய் வேலையால் வருகிற மனிதன் மெட்ரோவில் நித்திரை கொள்வானே தவிர, முல்லைத்தீவுப் பிள்ளையை நினைக்கமாட்டான். புண்ணியம் தேடிக் கொடுக்கிறவனைப் பழந்தமிழ்ப் புலவர்கள் கொஞ்சம் இளக்காரமாகத்தான் பார்த்தார்கள். இப்பிறப்பில் கொடுத்து மறுபிறப்பில் வாங்கிக்கொள்கிற வியாபாரி இல்லை ஆய் என்று உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் தன் வள்ளலைப் புறநானூற்றில் பாடியிருக்கிறார். எனக்கு அவ்வளவு கண்டிப்பு இல்லை. மறுபிறப்புக் கணக்கைக் கொடுப்பவரும் கடவுளும் பார்த்துக்கொள்ளட்டும். அந்தக் கணக்கில் பிள்ளையிடமிருந்து ஒன்றும் கழிக்கக்கூடாது என்பதுதான் என் வழக்கு.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. உடுவிலுக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. எனக்கு எட்டு வயதில் அப்பா தவறினார். வெளிநாட்டுத் திருச்சபை ஒன்றின் உதவித் திட்டத்தில் என் பெயரைச் சேர்த்தார்கள். பள்ளிக்கூடச் செலவு, வருடத்துக்கு இரண்டு சட்டை, நத்தாருக்கு ஒரு பார்சல். ஞானஸ்நானம் எடு என்று யாரும் என்னைக் கேட்கவில்லை, அதை நேர்மையாகச் சொல்லவேண்டும். கேட்டது கடிதம். கரும்பலகையில் ஆங்கிலத்தில் எழுதிப்போடுவார்கள், நாங்கள் பார்த்து எழுதுவோம். உங்களுக்காக ஒவ்வொரு இரவும் ஜெபிக்கிறேன் என்று அதில் ஒரு வரி இருந்தது என்பது எனக்குப் பிறகு ஆங்கிலம் விளங்கத் தொடங்கியபோதுதான் தெரிந்தது. வீட்டில் பிள்ளையார் படத்துக்கு முன்னால் தேவாரம் படிக்கிற பிள்ளை நான். படம் எடுக்கும் நாளில் பழைய சட்டையோடு வரச்சொல்வார்கள். சட்டை கொடுத்த பிறகு இன்னொரு படம்.

அதே காலத்தில் எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவில் ஒரு உபயகாரர் ஏழைப் பிள்ளைகளுக்கு அப்பியாசக் கொப்பி கொடுத்தார். ஒலிபெருக்கியில் பெயர் வாசித்தார்கள். "தகப்பனாரை இழந்த" என்ற அடைமொழியோடு என் பெயர் வீதி முழுக்கக் கேட்டது. என் வகுப்புப் பெடியள் எல்லோரும் அங்கே கச்சான் கொறித்துக்கொண்டு நின்றார்கள். இரண்டில் எது கூட வலித்தது என்று கேட்டால் கொப்பிதான் என்பேன். கடிதம் போன இடம் கண்காணாத தேசம், கோயில் வீதி நான் தினமும் நடக்கிற வீதி.

ஆகவே இந்தப் பேச்சை "மதமாற்றம்" என்ற ஒற்றைக் குற்றச்சாட்டோடு முடித்துவிடுகிறவர்களோடு எனக்கு ஒத்துவராது. அது இல்லை என்று நான் சொல்லவில்லை. எங்கள் மண்ணில் அதற்கு இருநூறு வருடச் சரித்திரம் இருக்கிறது. 1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரிமார் 1823இல் வட்டுக்கோட்டை செமினரியைத் தொடங்கினார்கள். அடுத்த வருடம் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளிக்கூடம். சாப்பாடு, உடுப்பு, படிப்பு எல்லாம் இலவசம். அமெரிக்காவில் இருந்து பணம் கொடுத்தவர்களுக்கு ஒரு சலுகை இருந்தது. தாங்கள் பராமரிக்கும் பிள்ளைக்குத் தாங்கள் விரும்பிய பெயரைச் சூட்டலாம். நியாய இலக்கணம் எழுதிய சிதம்பரப்பிள்ளை "வில்லியம் நெவின்ஸ்" ஆனதும், சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. பட்டதாரிகள் இருவரில் ஒருவரான விசுவநாதபிள்ளையின் பெயருக்கு முன்னால் "கறோல்" வந்து ஒட்டிக்கொண்டதும் அந்த வழியில்தான். சோறும் கல்வியும் வாங்கிய பிள்ளை, கடல் கடந்த ஒரு முகம் தெரியாதவரின் பெயரைச் சாகும்வரை சுமந்தது. இன்றைய பனருக்கு இதுதான் மூத்த அண்ணன் என்று எனக்குத் தோன்றும். அன்று பெயரைப் பிள்ளைமேலேயே எழுதினார்கள், இன்று பிள்ளைக்குப் பின்னால் கட்டுகிறோம்.

அந்தச் செமினரியை 1855இல் மூடினார்கள். படித்து முடித்தவர்கள் அரசாங்க வேலைக்கும் தமிழகத்துக்கும் போகிறார்கள், சமயப் பணிக்கு வருவது குறைவு என்பது முக்கியமான காரணங்களில் ஒன்று. பிள்ளைகள் நன்றாகத்தான் படித்தார்கள். கொடுத்தவர் எதிர்பார்த்த பலன் வரவில்லை, கதவு சாத்தப்பட்டது. பிரதிபலன் பார்த்துக் கொடுக்கப்படும் அன்பளிப்பின் ஆயுள் அவ்வளவுதான்.

ஆனால் கொடுத்த கல்வி கொடுத்ததுதான். உடுவில் விடுதியில் எழுத்துப் படித்த பெண்களின் பேத்திகளும் பூட்டிகளும் இன்று பாரிஸில், லண்டனில், டொரொண்டோவில் இருக்கிறார்கள். என் அம்மம்மாவும் அங்கே படித்தவர், சாகும்வரை கந்தசஷ்டி விரதம் தவறவிடாதவர். அந்த மிஷனரிமாரைத் திட்டுகிறவர்கள் தங்கள் வீட்டுக் கிழவிகளிடம் முதலில் விசாரிக்கட்டும்.

ஆறுமுக நாவலர் இந்த மிஷன் கல்வியை உள்ளிருந்து பார்த்தவர். வெஸ்லியன் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, பேர்சிவல் பாதிரியாரோடு சேர்ந்து விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்தவர். 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியபோது, இலவசமாகக் கல்வி கொடுத்துப் பிள்ளைகளை ஈர்க்கும் மிஷன் முறையை அப்படியே எடுத்துச் சைவத்துக்குத் திருப்பினார். கெட்டிக்காரத்தனம்தான். யாழ்ப்பாணத்துக்கு அதனால் பள்ளிக்கூடங்கள் கிடைத்தன. அதே வேளை, பிள்ளை எந்தப் பக்கம் என்ற இழுபறி இரண்டு பக்கத்திலும் நிரந்தரமாகிவிட்டது. 1877 பஞ்சத்தில் அதே நாவலர் கஞ்சித்தொட்டி வைத்துப் பசித்தவர்களுக்கு ஊற்றினார். அந்தப் பள்ளிக்கூடத்தைவிட இந்தக் கஞ்சித்தொட்டி எனக்குப் பெரிது. இது என் தனிப்பட்ட அபிப்பிராயம், நாவலர் பக்தர்கள் கோபிக்கவேண்டாம்.

இன்று உலக அளவில் நடக்கும் பெரிய பிள்ளை அன்பளிப்புகளில் ஒன்று சப்பாத்துப் பெட்டித் திட்டம். 1990இல் பிரித்தானியாவின் வேல்ஸில் ருமேனிய அநாதைப் பிள்ளைகளுக்காகத் தொடங்கியது. பிறகு அமெரிக்காவின் சமரிட்டன்ஸ் பர்ஸ் அமைப்பு பொறுப்பேற்றது. இதுவரை இருபது கோடிக்கு மேற்பட்ட பெட்டிகள் போயிருக்கின்றன. ஜேர்மனியில் இருக்கும் எங்கள் சனமும் பள்ளிக்கூடங்களில் அந்தப் பெட்டிக்குப் பென்சிலும் பொம்மையும் போட்டுக் கொடுக்கிறார்கள். பெட்டி கொடுத்த பிறகு பிள்ளைகளைப் பன்னிரண்டு பாடம் கொண்ட ஒரு வேதாகம வகுப்புக்கு அழைக்கும் ஏற்பாடும் கூடவே இருக்கிறது. அந்த அமைப்பு இதை மறைக்கவில்லை, தன் நோக்கம் அதுதான் என்று வெளிப்படையாகச் சொல்கிறது. பென்சில் போட்டுக் கொடுக்கும் சைவப் பெற்றோருக்குத்தான் பல வேளை தெரிவதில்லை.

பிரான்சில் வேறொரு கூத்து நடந்தது. 1951 டிசெம்பர் 23ஆம் திகதி, டிஜோன் நகரத்துப் பேராலயத்தின் முற்றத்தில், தேவாலய வகுப்புக்கு வரும் சில நூறு பிள்ளைகளின் கண்முன்னே நத்தார் தாத்தாவின் உருவத்தைக் கொளுத்தினார்கள். குற்றம்? பாலன் பிறப்பைப் புறச்சமயத் திருவிழாவாக்கிவிட்டான், பிள்ளைகளின் மனதில் இயேசுவின் இடத்தைப் பிடித்துவிட்டான். மறுநாள் மாலை நகரசபைக் கூரையில் அவர் உயிர்த்தெழுந்து வந்து பிள்ளைகளோடு பேசினார் என்பது பின்கதை. இந்தச் செய்தியை வைத்து மானிடவியலாளர் லெவி ஸ்ட்ரோஸ் அடுத்த வருடம் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். என் மகள் லீசேயில் அதைப் படித்துவிட்டு வந்து எனக்குச் சொன்னாள். பதில் எதிர்பார்க்காமல் கொடுக்கிற ஒருவர் உலகத்தில் இருக்கிறார் என்று நம்பப் பெரியவர்களுக்குத்தான் ஆசை, அந்த நம்பிக்கையைக் காப்பாற்றித் தரத்தான் பிள்ளைகள் தேவைப்படுகிறார்கள் என்ற மாதிரி அவர் யோசித்திருக்கிறாராம். அப்படிப் பார்த்தால் சாமியாரும் நத்தார் தாத்தாவும் சண்டை பிடித்தது பிள்ளைக்காக இல்லை, யார் பெயரில் கொடுப்பது என்பதற்காக.

அந்தத் தாத்தாவுக்கு மூலவரான புனித நிக்கலஸ் ஏழைத் தகப்பன் ஒருவனின் மூன்று பெண்களுக்குச் சீதனப் பொன்னை இரவில் யன்னலால் எறிந்துவிட்டுப் போனார் என்பது ஐதிகம். பகலில் போயிருக்கலாம். போகவில்லை. வலக்கை கொடுப்பது இடக்கைக்குத் தெரியக்கூடாது என்று இயேசு படிப்பித்தார், நபிகளாரும் அப்படியே சொல்லியிருக்கிறார். ஈகைக்குத் தனி அதிகாரம் வைத்த வள்ளுவர், இல்லாதவனுக்குக் கொடுப்பதைத் தவிர மற்றதெல்லாம் திரும்பி வருமென்று கொடுப்பது என்று தள்ளிவிட்டார். எல்லா வேதமும் ஒரு பக்கம் நிற்க, நாங்கள் மட்டும் பனரோடு மறுபக்கம் நிற்கிறோம்.

இங்கே இருந்துகொண்டு அப்படி நிற்பதுதான் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. பிரான்சில் ஒவ்வொரு செப்டெம்பரும் பள்ளிக்கூடத்தில் இருந்து ஒரு தாள் வரும். உங்கள் பிள்ளையின் படத்தை எடுக்கலாமா, எதற்குப் பாவிக்கலாம், இணையத்தில் போடலாமா என்று கேட்டிருக்கும். எங்கள் சனத்தில் பலர் "இல்லை" என்று கோடு போட்டுக் கையெழுத்து வைப்பார்கள், கண்ணூறு ஒரு காரணம். 2024 பெப்ரவரி 19ஆம் திகதிச் சட்டம் இன்னும் ஒரு படி போகிறது. பிள்ளையின் பட உரிமையைப் பெற்றோர் இருவரும் சேர்ந்து காக்கவேண்டும், வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்றபடி பிள்ளையையும் கேட்கவேண்டும் என்கிறது. தன் மகளின் வகுப்புப் படத்துக்கு "இல்லை" என்று கையெழுத்து வைத்த அதே கை, அடுத்த மாதம் எங்கள் மேசையில் முப்பது முல்லைத்தீவுப் பிள்ளைகளின் முகத்தைக் கேட்கிறது. அந்தப் பிள்ளைகளிடமோ அவர்களின் தாய்மாரிடமோ யாரும் ஒரு தாளும் நீட்டவில்லை.

நான் இதைச் சொன்னால் வாடிக்கையாளர்கள் ஒரு நியாயம் சொல்வார்கள், அது பொய்யான நியாயமும் இல்லை. "அக்கா, காசு விழுங்கின ஆக்களையும் கண்டிருக்கிறம். படம் இல்லாட்டி எப்பிடி நம்புறது?" உண்மைதான். பெயரளவில் இல்லம் நடத்தி வெளிநாட்டுக் காசில் வீடு கட்டியவர்கள் உண்டு. ஆனால் படம் எதை நிரூபிக்கிறது? ஒரே பையை மூன்று பிள்ளைகளிடம் கொடுத்து மூன்று உபயகாரர்களுக்குப் படம் எடுக்கலாம். கடைப் பற்றுச்சீட்டை மூன்று பேருக்குக் காட்டுவதுதான் கஷ்டம். அதிபரின் கையெழுத்தும் பாடசாலை முத்திரையும் வைத்த கடிதம், எத்தனை பிள்ளைகளுக்கு எத்தனை பை என்ற கணக்கு, வேண்டுமானால் மேசையில் அடுக்கிய பைகளின் படம். இவ்வளவும் கிடைத்தால் பிள்ளையின் முகம் எதற்கு?

முகநூலுக்கு. அவ்வளவுதான் பதில். ஒருமுறை ஒருவர் ஒளிக்காமல் சொன்னார், "சகலன் போன வருசம் அம்பது பிள்ளைக்குக் குடுத்துப் போட்டவன், நாங்கள் எழுபது போடவேணும்." எந்தக் கடவுளுக்கு என்று கேட்க வாய் வந்தது. முன்னால் வரிசை நீண்டிருந்தது, கேட்கவில்லை.

வேறு விதமாகவும் கொடுக்கலாம் என்பதற்கு வெகுதூரம் போகத் தேவையில்லை. ஒவ்வொரு வருடமும் ஓகஸ்ட் கடைசியில் மாணிக்க விநாயகர் தேர் பாரிஸ் லாச்சப்பல் வீதிகளுக்கு வரும்போது, கடைக்காரர்கள் வாசலில் மேசை போட்டுச் சர்பத்தும் மோரும் சோறும் கொடுப்பார்கள். தமிழன், வெள்ளைக்காரன், மாலிக்காரன், பாலத்தடியில் படுக்கிற அகதி, எல்லோரும் ஒரே வரிசை. வாங்கினவனை யாரும் படம் பிடித்து வைப்பதில்லை, நீ என்ன சமயம் என்று கேட்பதும் இல்லை. முழுக்க முழுக்கச் சமயக் கொடைதான் அது. ஊரில் தெல்லிப்பளை துர்க்கை அம்மன் கோயிலைப் பாருங்கள். தங்கம்மா அப்பாக்குட்டி அம்மையார் 1980களில் கோயிலின் நிழலிலேயே ஆதரவற்ற பெண்பிள்ளைகளுக்குத் துர்க்காபுரம் மகளிர் இல்லத்தை அமைத்தார். திருவிழா அன்று ஒரு பை கொடுத்து அனுப்பும் வேலை இல்லை அது. வளர்த்து, படிப்பித்து, ஆளாக்கி விடுகிற வேலை.

சமயமே சேராத முறையும் இந்த நாட்டில் இருக்கிறது. செக்கூர் பொப்புலேர் என்ற பிரெஞ்சு உதவி அமைப்பு 1976இல் இருந்து "பச்சை நத்தார் தாத்தா" என்று ஒரு இயக்கம் நடத்துகிறது. பல இடங்களில் விளையாட்டுப் பொருட்களைக் கடை மாதிரி அடுக்கி வைத்திருப்பார்கள். தாய் தகப்பன் தாங்களே வந்து தெரிவு செய்து வீட்டுக்குக் கொண்டுபோய் மரத்தடியில் வைக்கலாம். பிள்ளைக்கு அது அம்மா அப்பா தந்ததாகவோ தாத்தா தந்ததாகவோ இருக்கும். உதவி அமைப்பின் பெயர் அதன் காதுக்கு எட்டவேண்டிய அவசியமே இல்லை. பிள்ளையின் முன்னால் தாய் தகப்பனின் மரியாதை குறையாமல் கொடுப்பது என்றால் இதுதான். வன்னியில் கணவனை இழந்து தோட்ட வேலைக்குப் போகிற தாய் தன் பிள்ளைக்குத் தானே பை கொண்டுபோய்க் கொடுக்கும்படி செய்ய எங்களுக்கு என்ன தடை? பையை அதிபரிடம் கொடுத்துத் தாய்மாரை அழைத்துக் கொடுக்கச் சொன்னால் முடிந்தது.

தேவை இல்லை என்று நான் சொல்லவரவில்லை. இலங்கையில் பாடப்புத்தகமும் சீருடைத் துணியும் அரசாங்கம் தருகிறது. கொப்பி, பை, சப்பாத்து பெரும்பாலும் பெற்றோர் தலையில். 2022 நெருக்கடியில் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே தள்ளிவைத்தார்கள் என்றால் கொப்பி விலை எங்கே போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஆகவே பெட்டி போகட்டும், இன்னும் கூடப் போகட்டும். திவசத்துக்கும் போகட்டும், நத்தாருக்கும் போகட்டும், நேர்த்திக்கும் போகட்டும். காரணத்தைக் கோயிலிலோ மாதா கோயிலிலோ சொல்லுங்கள், அவர்கள் கேட்டுக்கொள்வார்கள்.

இல்லங்கள் நடத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளைகளின் படம் தரமாட்டோம், கணக்குத் தருவோம் என்று சொன்னால் அடுத்த வருடம் உபயம் வராது என்ற பயம் உங்களுக்கு இருக்கும். ஒரு இல்லம் தனியாகச் சொன்னால் அந்தப் பயம் நியாயம். மாவட்டத்தில் இருக்கிற சைவ, கிறிஸ்தவ, முஸ்லிம் இல்லங்கள் கூடி ஒரே தாளில் கையெழுத்து வைத்து அறிவித்தால் உபயகாரர் வேறெங்கே போவார்?

இந்த நவம்பரில் பெட்டி கட்ட வருகிறவர்களைக் கேட்டுக்கொள்வது இதுதான். பிள்ளைகளை நிறுத்திப் படம் எடுக்கவேண்டாம், பற்றுச்சீட்டும் அதிபரின் கடிதமும் போதும் என்று ஒரு துண்டு எழுதிப் பெட்டிக்குள் வையுங்கள். பேனையும் தாளும் எங்கள் கடை மேசையில் இருக்கின்றன.